விளக்குமாறு வண்டிக்கு முன்னால் ஒருத்தி

லுட்கார்டுக்கு ஒரு விஷயம் பாதி தெரிந்து பாதி தெரியாமல் இருந்தால் சாப்பாடு இறங்காது. வார நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். எந்தப் பிள்ளை வீட்டில் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது வரை அவளுக்கு அத்துப்படி. ஏப்ரல் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளுக்கு வேறு வேலை. பெண்களின் ‘சுற்று’ நடக்கும்போது விளக்குமாறு வண்டியை ஓட்டுவது.

பிளாண்டர்ஸ் வட்டாரத்தில் சுற்று என்று சொன்னால் போதும். எந்தச் சுற்று என்று கேட்கிறவன் வெளியூர்க்காரன். மேட்டிலும் கருங்கல் பாவிய ரோட்டிலும் நாள் முழுக்க நடக்கும் அந்த சைக்கிள் பந்தயத்தில் கடைசி ஆளுக்கும் பின்னால் ஊர்ந்து வரும் வேன்தான் விளக்குமாறு வண்டி. முடியாதவர்களைக் கூட்டி அள்ளிக்கொண்டு வருவதால் அதன் கூரையில் நிஜமாகவே ஒரு விளக்குமாறு கட்டியிருக்கும். அதன் கழுத்தில் ஒமேர் ஆண்டுதோறும் மஞ்சளும் கறுப்புமாக ஒரு ரிப்பனைச் சுற்றுவார். “விளக்குமாத்துக்குப் பட்டுக்குஞ்சம்” என்று லுட்கார்டும் ஆண்டுதோறும் சொல்வாள்.

ஒமேர் அந்த வண்டியின் நடுவர். ஏறுகிறவளின் முதுகிலிருந்து எண் துணியைக் கழற்றி வாங்கிக்கொண்டு, ரேடியோவில் ‘நம்பர் இன்னது, விலகினார்’ என்று சொல்வது அவர் வேலை. அந்த ஒரு சொல்லையே பல வருஷமாகச் சொல்லிச் சொல்லி, துக்க வீட்டு வாசலில் நிற்கிறவர் முகம் அவருக்கு நிரந்தரமாகவே வந்துவிட்டது. மடியில் பால்திரட்டு வைத்துச் சுட்ட மாட்டன்டார்ட் பணியாரப் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கும். மனிதருக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

இந்த வேலையில் லுட்கார்டுக்கு ஒரே ஒரு குறை. ஊடனார்ட நகரத்தில் முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்பே வண்டிகளையெல்லாம் வலப்பக்கச் சந்தில் திருப்பிவிடுவார்கள். சைக்கிள்கள் நேராகப் போகும், அவள் சந்துக்குள் போவாள். இத்தனை வருஷம் பந்தயத்தோடு வந்தும், ஒருத்தி கோட்டைத் தாண்டுவதை அவள் பார்த்ததே கிடையாது. கல்யாண வீட்டில் சமைத்துவிட்டுத் தாலி கட்டுவதைப் பார்க்காமல் போகிற சமையல்காரி கதைதான்.

அன்று சிறுதூறல். கொப்பன்பெர்க் மேட்டைத் தாண்டி வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. பின் இருக்கையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு யில்டௌ இருந்தாள். ஃப்ரீஸ்லாந்துப் பெண். மேட்டில் விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டு, எண் துணியைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒமேரின் பொட்டலத்திலிருந்து ஒரு பணியாரத்தை வாங்கித் தின்றுகொண்டிருந்தாள். வண்டிக்கு முன்னால் ஒரே ஒருத்தி. முதுகில் நாற்பத்தாறு.

“அந்தப் பொண்ணு ஓட்டுறதப் பாருங்க நடுவரே,” என்றாள் லுட்கார்ட். “இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடுது. கால் பெடலுக்கு எட்டவே மாட்டேங்குது.”

“களைப்பு.”

“களைச்சா தலை தொங்கும், முதுகு வளையும். இடுப்பு ஆடாது. முதுகத் தவிர வேற எதையுமே பாக்காம வண்டி ஓட்டுறவ நான். எனக்கா தெரியாது?”

ஒமேர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விதி எளிமையானது. வண்டிக்கு முன்னால் இருக்கிறவரை ஒருத்தி பந்தயத்தில் இருக்கிறாள். வண்டி தாண்டிவிட்டால் வெளியே. வண்டி எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்று கடிகாரம் சொல்லும், கடிகாரம் சொல்வதை ஒமேர் சொல்வார், ஒமேர் சொல்வதை லுட்கார்டின் கால் கேட்க வேண்டும்.

ஒரு வளைவில் வண்டி நெருங்கியபோது லுட்கார்டின் கண் சீட்டுக்குக் கீழே போனது. அங்கே ஒவ்வொரு சைக்கிளிலும் ஒரு சின்னத் தகடு இருக்கும், ஓட்டுகிறவளின் எண்ணோடு. இந்தத் தகட்டில் நாற்பத்தொன்று என்றிருந்தது.

அவள் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். முதுகில் நாற்பத்தாறு, சைக்கிளில் நாற்பத்தொன்று. ஒன்றில் முடியும் எண் அணித் தலைவிக்குத்தான் கொடுப்பார்கள். தலைவியின் சைக்கிள் கடைசி ஆளின் காலடியில் என்ன செய்கிறது? லுட்கார்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“அது மாத்திக்கிட்டது,” என்றாள் யில்டௌ வாயில் பணியாரத்தோடு. “நான் விழுந்து கிடந்தப்ப பக்கத்துலதான் நடந்துச்சு. இவங்க தலைவி இசோல்டெக்கு முன் சக்கரம் பஞ்சர். அவங்க கார் மேட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிச்சு. இந்த ஹானெ இறங்குனா, தன் சைக்கிளக் குடுத்தா, தள்ளியும் விட்டா. கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள. அப்புறம் எல்லா அணிக்கும் பொதுவா சுத்துற மோட்டார்சைக்கிள்காரர் வந்து இவளுக்கு ஒரு சக்கரம் மாட்டிவிட்டாரு. அணிக் கார் வந்துச்சு, நிக்காம தலைவி பின்னாடியே போயிருச்சு.”

“இசோல்டெ ஒட்டகச்சிவிங்கி மாதிரி உயரமாச்சே.”

“அதான் இவ தொங்கிக்கிட்டுப் போறா. இசோல்டெ அங்க முட்டிய மூக்குல இடிச்சுக்கிட்டுப் போவா.”

விஷயம் தெரிந்துவிட்டது. ஆனால் லுட்கார்டின் ஆவல் அடங்கவில்லை, இரண்டு மடங்கானது. ஏனென்றால் தலைவிக்காக உழைக்கிறவள் தன் வேலை முடிந்ததும் விளக்குமாறு வண்டியில் ஏறிவிடுவாள். அதுதான் இவர்கள் வழக்கம். தண்ணீர் சுமந்தாயிற்று, காற்றைத் தடுத்து முன்னால் ஓட்டியாயிற்று, சைக்கிளையும் கொடுத்தாயிற்று. இனி அவள் போர்வைக்குள் புகுந்துகொண்டால் யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். இவள் ஏன் ஏறவில்லை?

“பக்கத்துல விடு,” என்றார் ஒமேர். “கூப்பிட்டுப் பாக்குறேன்.”

லுட்கார்ட் வண்டியை அவளுக்கு இணையாகக் கொண்டுபோனாள். சேறு அப்பிய சின்ன முகம். உதடு நீலம் பாரித்திருந்தது.

“நாப்பத்தாறு, ஏறிக்கிறியாம்மா?” என்றார் ஒமேர், துக்க வீட்டுக் குரலில்.

“வேணாம் ஐயா.”

“ஏன் கண்ணு?” லுட்கார்ட் அவரைத் தாண்டித் தலையை நீட்டினாள். “இந்த சைக்கிள் உனக்குச் சேராது. இடுப்பு போயிரும்.”

“இது கோட்டைத் தாண்டணும் அக்கா.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “இசோல்டெயோட நேரம் குறிக்கிற சிப்பு இதுலதான் இருக்கு. இது தாண்டலேன்னா அவ முடிச்சதாவே கணக்கு வராது. அவ முன்னால போறா. இந்த வருஷம் ஜெயிக்கப் போறது அவதான்.”

ஒமேர் வாயைத் திறந்தார். லுட்கார்ட் அவர் பக்கக் கண்ணாடியை ஏற்றினாள், ஏற்றிக்கொண்டே வண்டியைப் பின்னுக்கு இழுத்தாள்.

“என்ன பண்ற நீ?” என்றார் ஒமேர். “அந்தப் பொண்ணு தப்பா நெனச்சுக்கிட்டு இருக்கா. சைக்கிள் முன்பக்கம் ஒட்டுற சிப்பு சும்மா அவசரத்துக்கு. கோட்டுல புகைப்படம் எடுக்கிறான். முதுகு நம்பர்தான் கணக்கு. இசோல்டெ கழுதை மேல ஏறி வந்தாலும் இசோல்டெதான்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“சொன்னா ஏறிருவா.”

“ஏறட்டும். அதுக்குத்தானே வண்டி?”

உள்ளதைச் சொன்னால், லுட்கார்டுக்குப் பார்க்க வேண்டும் போலிருந்தது. இந்தக் குட்டைப் பெண் அந்த ஏணியை எதுவரை ஓட்டுவாள் என்று பார்க்க வேண்டும். சினிமாவில் பாதியில் விளக்கைப் போட்டால் யாருக்குப் பிடிக்கும்?

“இல்லாத ஒண்ண நம்பி ஒருத்தி சாகுறா, நீ வேடிக்கை பாக்குற,” என்றார் ஒமேர்.

“நீங்க இத்தன வருஷமா என்ன பண்றீங்களாம்?”

“நான் நம்பர் வாங்குறேன்.”

பின்னாலிருந்து யில்டௌ சொன்னாள், “எனக்குன்னா சொல்லிருங்கன்னுதான் சொல்லுவேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா சொன்னதுக்கு அப்புறம் உங்கள மன்னிக்கவும் மாட்டேன்,” என்றாள்.

க்வாரமொண்ட் மேட்டில் கூட்டம் கலைய ஆரம்பித்திருந்தது. கையில் பீர்க் கோப்பையும் வறுத்த உருளைக்கிழங்குமாக ரோட்டைக் கடந்தவர்கள், விளக்குமாற்றைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே ஒதுங்கினார்கள். அதற்கு முன்னால் இன்னும் ஒருத்தி ஓட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது. “ஹானெ, ஹானெ” என்று யாரோ ஆரம்பித்தார்கள். ஒருவன் தள்ளிவிடக் கையை நீட்டினான்.

“தொடாதீங்க,” என்று ஒமேர் ஜன்னல் வழியாகக் கத்தினார். “தொட்டா அவளத்தான் வெளிய எடுக்கணும்.”

கல் ரோட்டில் சைக்கிள் உதறிய உதறலில் ஹானெ சீட்டிலிருந்து ஒருபக்கமாகச் சரிந்தாள், ஏறினாள், மறுபடி சரிந்தாள். லுட்கார்ட் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தாள். கொஞ்ச நேரம் முன்பு இருந்த சுவாரசியம் இப்போது அவளுக்குள் இல்லை. அந்த ஒவ்வொரு உதறலும் தன் இடுப்பிலேயே விழுவது போலிருந்தது. வேடிக்கை பார்க்கத்தானே வாயை மூடிக்கொண்டாய் என்று அவள் மனசே அவளைக் குத்தியது.

அப்போதுதான் ரேடியோவில் செய்தி வந்தது. முடிவுக் கோட்டில் முதலாவது வந்தது நாற்பத்தாறாம் எண், ஹானெ என்று ஒரு குரல் சொன்னது. வண்டிக்குள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாற்பத்தாறாம் எண் அவர்கள் கண்ணெதிரே, கருங்கல்லில் தத்தளித்துக்கொண்டிருந்தது. உடனே இன்னொரு குரல் குறுக்கிட்டது. திருத்தம், படத்தைப் பார்த்தாயிற்று, முதலாவது நாற்பத்தொன்று, இசோல்டெ.

“சிப்பு,” என்றார் ஒமேர். “ஹானெயோட சைக்கிள் போய்ச் சேந்துருச்சு, அதான் அவ பேரு வந்துருக்கு. படத்துல சரியாயிருச்சு. நான் சொல்லல?”

பாட்டர்பெர்க் அடிவாரத்தில் ஹானெ விழுந்தாள். பெரிதாக அடி இல்லை. நிறுத்தப் போனாள், கால் தரைக்கு எட்டவில்லை, புல்லோரமாகச் சாய்ந்துவிட்டாள். லுட்கார்ட் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினாள்.

“கேளு கண்ணு. இசோல்டெ ஜெயிச்சாச்சு. இந்த சைக்கிள் போய்ச் சேர வேண்டியதில்ல. சிப்பு கணக்கில்ல, படம்தான் கணக்கு. அவ பேரு பக்காவா இருக்கு.”

ஹானெ அவளையே பார்த்தாள். “எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?”

“ஜெயிச்சது இப்பத்தான். சிப்பு கணக்கில்லங்கிறது நீ மொதல்ல சொன்னப்பவே. நீ எது வரைக்கும் போறேன்னு பாக்கணும்னு வாய மூடிக்கிட்டேன். திட்டுறதா இருந்தா திட்டிக்க.”

ஹானெ திட்டவில்லை. கேட்டது வேறு.

“என் சைக்கிள்லயா ஜெயிச்சா?”

“உன் சைக்கிள்லதான்.”

“பாதியில மாத்திக்கலயா?”

“மாத்தியிருந்தா உன் பேரு வந்துருக்குமா?” என்று கேட்டபடியே ஒமேர் வந்து சேர்ந்தார். “மொதல்ல ரேடியோவுல வந்தது உன் பேருதான். திருத்துற வரைக்கும் சுத்துல ஜெயிச்சவ நீதான்.”

ஹானெ சிரித்துவிட்டாள். சிரிக்கும்போது வயிறு வலித்தது போல, குனிந்துகொண்டாள். பிறகு எழுந்து, கையைப் பின்னால் கொண்டுபோய், முதுகுத் துணியின் ஒரு ஊக்கைக் கழற்றினாள். கொடுக்கத்தான் போகிறாள். ஒமேரின் கையும் பழக்கத்தில் நீண்டது. பின் இருக்கையில் யில்டௌ நகர்ந்து இடம் விட்டு, போர்வையின் ஒரு ஓரத்தையும் தூக்கிப் பிடித்தாள்.

இரண்டாவது ஊக்கில் ஹானெயின் கை நின்றது.

“நாலு தடவ இதே மேடு வரைக்கும் வந்துருக்கேன்,” என்றாள். “ஒரு தடவ மழையில. ஒரு தடவ நல்ல காலோட, ஆனா தண்ணி எடுக்கத் திரும்பிப் போகச் சொன்னாங்க. இதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாது.”

லுட்கார்டுக்கு அந்தப் பேச்சு நெஞ்சில் வந்து தைத்தது. கோட்டுக்கிட்ட என்ன நடக்கும் என்று அவளுக்கும் தெரியாதே.

“நேரம் இருக்கா ஐயா?”

ஒமேர் கடிகாரத்தைப் பார்த்தார். “இருக்கு. வாய் பேசுற அளவுக்கு இல்ல.”

ஹானெ ஊக்கை மறுபடி குத்திக்கொண்டாள். “இசோல்டெக்காகத்தான் ஓட்டுனேன். அவளுக்கு இனி நான் வேணாம். அப்போ இது என்னோடது.”

“இந்த சீட்டோட ஏற முடியாது பொண்ணே,” என்றாள் லுட்கார்ட். “செங்குத்து அது.” பிறகு ஒமேரைப் பார்த்து, “தெரியும் தெரியும், நாம தொடக் கூடாது, தொட்டா வெளியே,” என்றாள்.

ஒமேர் வண்டியின் பின்கதவைத் திறந்தார். இருக்கைக்குக் கீழிருந்து ஒரு டப்பாவை இழுத்தார். தூசி படிந்திருந்தது. அதிலிருந்து ஒரு ஆலன் கீயை எடுத்துக்கொண்டு வந்து, முட்டி போட்டுச் சேற்றில் உட்கார்ந்து, சீட்டுத் தண்டைத் தளர்த்தினார்.

“என்னங்க பண்றீங்க?” என்றாள் லுட்கார்ட்.

“விதியில இருக்கு. தன் அணி, பொது வண்டி, இல்லேன்னா விளக்குமாறு வண்டி. மூணு பேரும் சைக்கிளச் சரி பண்ணலாம். ஆளத்தான் தள்ளக் கூடாது.”

“இத்தன வருஷமா ஒரு வார்த்த சொல்லலியே நீங்க.”

“இத்தன வருஷமா யாரும் கேக்கல. எல்லாரும் ஏறத்தான் வந்தாங்க.” சீட்டை நாலு விரல் அளவுக்கு இறக்கி முடுக்கினார். “உக்காந்து பாரும்மா.”

ஹானெ உட்கார்ந்தாள். கால் எட்டியது. ஏறினாள்.

பாட்டர்பெர்க்கை அவள் ஏறிய அழகை அழகு என்று சொல்ல முடியாது. பாதி மேட்டில் சைக்கிள் நின்றேவிட்டது, நின்ற இடத்திலிருந்து எப்படியோ மறுபடி நகர்ந்தது. ஆனால் இடுப்பு ஆடவில்லை. லுட்கார்ட் முதல் கியரில், வண்டியை முனகவிட்டுக்கொண்டு பின்னால் வந்தாள். உச்சியில் ஒருவன் தன் பீர்க் கோப்பையை ஹானெக்கு நீட்டினான். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். யில்டௌ ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

அதற்கு அப்பால் சமதரை. முதுகுக்குப் பின்னால் காற்று. ஒமேர் கடிகாரத்தைப் பார்ப்பதும் ஹானெயின் முதுகைப் பார்ப்பதுமாக இருந்தார். “கொஞ்சம் வேகம்,” என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார். லுட்கார்ட் காலை அழுத்தினாள், மனசுக்குள் அவரைச் சபித்துக்கொண்டே. வண்டியின் மூக்கு ஹானெயின் பின்சக்கரத்தை நெருங்கியது. எஞ்சின் சத்தம் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்க்காமல் கியரை மாற்றினாள், வேகம் ஏறியது. மறுபடி நெருங்கியது வண்டி, மறுபடி விலகினாள் அவள். இப்படியே நகரம் வரை. தன் காலே அந்தப் பெண்ணை விரட்டுகிறதே என்று லுட்கார்டுக்கு அழுகை வந்தது. விரட்டாமல் விட்டால் அது பந்தயம் இல்லை என்பதும் தெரிந்தே இருந்தது.

கடைசி நேர் ரோடு வந்தது. தூரத்தில் முடிவுக் கோட்டின் அலங்கார வளைவும் கொடிகளும் தெரிந்தன. காவலர் ஒருவர் கையை நீட்டி வலப்பக்கம் காட்டினார். ஹானெ நேராகப் போனாள். லுட்கார்ட் சந்துக்குள் திருப்பினாள்.

வண்டியை நிறுத்திவிட்டு மூவரும் ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு இரைச்சல். பிறகு குரல் வந்தது. கடைசியாகக் கோட்டைத் தாண்டியது நாற்பத்தொன்று, இசோல்டெ.

“அடப் பாவிகளா,” என்றாள் லுட்கார்ட். “அவ ஒரு தடவ ஜெயிச்சது பத்தாதா? இவளோட கடைசி இடத்தையுமா அவளுக்குக் குடுக்கணும்?”

“படம் பாப்பாங்க,” என்றாள் யில்டௌ.

“ஜெயிச்சவளுக்குப் பாத்தாங்க. கடைசி ஆளுக்கு யாரு பாப்பா? மூட்டை கட்டிக்கிட்டு இருப்பாங்க.”

ஒமேர் மடியிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தார். ரேடியோவின் ஒலிவாங்கியை எடுத்தார். தொண்டையைச் செருமினார். அந்த வாய் பழகியது ஒரே ஒரு சொல்லுக்குத்தான். எங்கே பழக்க தோஷத்தில் அதையே சொல்லிவிடுவாரோ என்று லுட்கார்ட் அவர் உதட்டையே பார்த்தாள்.

“விளக்குமாறு வண்டி பேசுது,” என்றார் ஒமேர். “எங்களுக்கு முன்னால ஓட்டுனது நாப்பத்தாறு. முதுகு நம்பரப் பாருங்க. நாப்பத்தாறு, ஹானெ.” நிறுத்தினார். “முடிச்சுட்டா.”

ஒமேர் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். பிறகு குரல் வந்தது. திருத்தம், படத்தைப் பார்த்தாயிற்று, கடைசியாக நாற்பத்தாறு, ஹானெ, நேரத்துக்குள்.

ஒமேர் ஒலிவாங்கியை அதன் இடத்தில் மாட்டினார். பொட்டலத்தைத் திரும்ப எடுத்தார். ஒரு பணியாரத்தை எடுத்து வாயில் வைக்காமல் வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

லுட்கார்ட் கூரையிலிருந்து விளக்குமாற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது ஹானெ சந்துக்குள் நடந்து வந்தாள். இந்த முறை தள்ளிக்கொண்டு வந்தது தன் சொந்த சைக்கிளை. போர்வை கேட்டு வந்திருந்தாள். அணிப் பேருந்தில் எல்லோரும் பாட்டில் உடைத்துக் கொண்டாடுகிறார்களாம், இவள் பையை யார் எங்கே வைத்தார்கள் என்று தெரியவில்லையாம். யில்டௌ தன் தோளிலிருந்ததை எடுத்து அவளுக்குப் போர்த்தினாள்.

லுட்கார்டால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. “சொல்லு கண்ணு, எப்படி இருந்துச்சு அந்தக் கோடு?”

ஹானெ போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“பெயிண்டுதான் அக்கா. தாண்டுனதே தெரியல. நெசமா தாண்டிட்டேனான்னு திரும்பி வேற பாத்தேன்.”

லுட்கார்ட் விளக்குமாற்றின் கழுத்திலிருந்த ரிப்பனைக் கழற்றி, அந்தச் சின்ன சைக்கிளின் கைப்பிடியில் கட்டினாள். இந்த முறை அவள் பழமொழி எதுவும் சொல்லவில்லை.